அழவிடாத மனிதர்

எங்கள் தமான் குடியிருப்பில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் போன் அவருக்குத்தான் போகும். சொந்தக்காரர்களுக்கெல்லாம் அப்புறம். கால் மணி நேரத்தில் தன் பழைய மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கிவிடுவார். நெட்டையான, ஒல்லியான ஆள். முழங்கை வரை மடித்துவிட்ட வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேள்விகள் தொடங்கிவிடும். பெட்டிக்காரனுக்குச் சொல்லியாச்சா, போலீஸ் ஸ்டேஷனுக்கு யாரு போறது, எரிக்கிறதா பொதைக்கிறதா, கெமா எத்தன வேணும். வாசலில் போடும் கூடாரத்தை நாங்களும் மலாய்க்காரர்களைப் போலக் கெமா என்றுதான் சொல்வோம். எல்லாப் பதிலையும் தன் உள்ளங்கையில் எழுதிக்கொள்வார். காகிதத்தில் எழுதினால் தொலைந்துவிடுமாம்.

இவ்வளவும் ஒரு காசு வாங்காமல் செய்தார். அதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் நான் நன்றிகெட்டவளாகிவிடுவேன்.

மற்றது என்னவென்றால், அவர் யாரையும் அழவிடமாட்டார்.

அதட்டி அடக்குகிற ஆள் இல்லை. அப்படியென்றால் திருப்பிக் கத்தியாவது இருக்கலாம். யாராவது விசும்ப ஆரம்பித்தால் பக்கத்தில் போய்க் குனிந்து, காதோடு காதாகப் பேசுவார். "அழுது என்னம்மா ஆவப்போவுது? எந்திரி. வேலை கெடக்கு." கையில் ஒரு வேலையையும் கொடுத்துவிடுவார். புருஷனைப் பறிகொடுத்தவளிடம் வேட்டி எங்கே இருக்கிறது என்று கேட்டு அலமாரிப் பக்கம் அனுப்புவார். அப்பனை இழந்தவனை நாற்காலி இறக்கச் சொல்வார். அழ வந்தவன் லாரியின் பின்னால் நின்று பிளாஸ்டிக் நாற்காலியை எண்ணிக்கொண்டிருப்பான். அவர் நடத்திய சாவு வீடுகளைப் போல ஒழுங்கான சாவு வீடுகளை மலாக்காவிலேயே பார்க்க முடியாது. ஏதோ கல்யாணத்துக்குப் பந்தி நடப்பதுபோல எல்லாம் வரிசையாக நடக்கும்.

நான் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன். ரத்த உறவு கிடையாது. தோட்டத்தில் ஒரே லயத்து வரிசை வீடுகளில் இருந்தோம். தோட்டத்தை விற்றபிறகு பெம்பான் பக்கம் மலிவு வீடுகளுக்கு வந்தோம், அங்கேயும் பக்கத்து வீடு. மாமா செம்பனைப் பழ லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். அவர் மனைவியை நான் அத்தை என்பேன். ஒரே ஒரு மகன்.

என் அம்மா இறந்தபோது எனக்கு வயது இருபத்தொன்று. அம்மாவின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காலையிலிருந்து வராத ஒன்று அப்போதுதான் தொண்டைக்கு வந்தது. வாயைத் திறந்தேன். மாமாவின் கை தோளில் விழுந்தது. "எந்திரிம்மா. ஜனம் வந்துகிட்டே இருக்கு. போயி கோப்பி கலக்கு."

போனேன். எழுந்து போன அந்தப் பெண்ணை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரமாக வருகிறது. இருநூறு பேருக்கு ஒற்றை ஆளாகக் கோப்பி கலக்கினேன். பெட்டியைத் தூக்கியபோது நான் பின்னால் குழாயடியில் கப் கழுவிக்கொண்டிருந்தேன். ஓடிவந்து பார்த்தால் வேன் முச்சந்தி தாண்டிவிட்டது.

கருமக்கிரியை அன்று மாமா எல்லோரிடமும் என்னைக் காட்டிச் சொன்னார். "பாத்தீங்களா இந்தப் பொண்ண? ஒரு சொட்டுக் கண்ணீரு உண்டா? கல்லு மாதிரி நின்னுச்சு." எனக்கு அப்போது பெருமையாக இருந்தது. முட்டாள்.

இப்படிப்பட்ட மனுஷனுக்கு வந்த சோதனையைச் சொல்கிறேன். மகன் பேக்டரியில் காலை ஷிப்ட் முடிந்து மோட்டாரில் வந்துகொண்டிருந்தான். ஜாசின் ரோட்டில் ஒரு வேன் திரும்பியது. இருபத்துநாலு வயது.

செய்தி கேட்டு நான் ஓடியபோது மாமா வாசலில் நின்று கெமாக்காரனோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். "ரெண்டு பத்தாது, மூணு கொண்டா. சின்ன வயசுலா, கூட்டம் நெறைய வரும்." உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். பெற்ற மகனின் சாவுக்குச் சாமான் பட்டியல். பார்த்துக்கொண்டிருந்த நாங்கள் எல்லோரும் என்ன சொன்னோம் தெரியுமா? "என்னா மனுஷன்யா!" நானும்தான் சொன்னேன்.

உள்ளே அத்தை மகனின் முகத்தைத் தடவிக்கொண்டே ஏதோ சொல்லி அழ ஆரம்பித்தார். ஒப்பாரி இல்லை, சாதாரணமாக அவனோடு பேசுவதுபோல ஒரு அழுகை. மாமா வேகமாக உள்ளே வந்தார். "வாய மூடு புள்ள. வந்தவங்க முன்னாடி என்னா இது?" அத்தையைத் தூக்கி நிறுத்தி, தண்ணீர்ப் பாட்டில் அடுக்கிய தட்டைக் கையில் கொடுத்தார். அத்தை அதை வாங்கிக்கொண்டு நாற்காலி நாற்காலியாகப் போனார். எனக்குப் பக்கத்தில் வந்தபோது நான் பாட்டிலை எடுத்துக்கொண்டு, "அழுவாதீங்க அத்த" என்றேன். அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு இருக்கிறது.

அதற்குப் பிறகு அத்தை பேசுவதைக் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்திவிட்டார். சமைப்பார், துவைப்பார், கேட்டதற்கு ஆம் இல்லை என்பார். தூக்கமே இல்லை என்று முகம் சொல்லும். மாமா சும்மா இருக்கவில்லை, அவருக்கு எதையாவது செய்தாக வேண்டும். கோயிலில் எலுமிச்சம்பழம் மந்திரித்துக் கொண்டுவந்தார். உம்பாய்ப் பக்கம் குறி சொல்கிறவர் ஒருவரிடம் கூட்டிக்கொண்டு போனார். காத்து கருப்பு என்று சொல்லிக் கையில் கயிறு கட்டினார்கள். திரும்பும் வழியில் கடற்கரைக் கடையில் சுட்ட மீன் வாங்கிக்கொடுத்ததாகவும், அத்தை தின்னவில்லை என்றும் வருத்தப்பட்டுச் சொன்னார். "என்னா செஞ்சும் சரியா வரலம்மா." ஒருநாள்கூட அத்தையிடம் மகனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் போட்டோவைச் சுவரிலிருந்து எடுத்துப் பெட்டியில் பூட்டிவிட்டார், பார்த்தால் அழுவாராம்.

நான் ஒருமுறை மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். "மாமா, ஆஸ்பத்திரியில இதுக்குன்னே டாக்டருங்க இருக்காங்க. பேசுனாலே கொஞ்சம் லேசாவும்லா."

"மனசுக்கு டாக்டரா? மனசு என்னா ஒறுப்பா, எக்ஸ்ரே எடுத்துப் பாக்க?" என்று சிரித்தார். பிறகு முகம் இறுகிவிட்டது. "அங்க போனா பேரு கம்ப்யூட்டர்ல ஏறிடும். அப்புறம் எவன் வேலை குடுப்பான், எவன் பொண்ணு குடுப்பான்?"

"ஒங்களுக்கு இந்த வயசுல யாரு மாமா பொண்ணு குடுக்கப்போறா?"

"வாய்க்கொழுப்புடி ஒனக்கு" என்று சொல்லிவிட்டு எழுந்துபோனார்.

அவரைச் சொல்ல எனக்கு யோக்கியதை இருந்ததா என்றால், இல்லை. நாற்பதைத் தாண்டியதும் என் உடம்பு ஒரு நாள் ஆபீசில் என்னைக் கைவிட்டது. டைப் அடித்துக்கொண்டிருக்கும்போதே விரல் மரத்துப்போகும், மூச்சு அடைக்கும், இதோ சாகப்போகிறேன் என்று தோன்றும். நெஞ்சில் கோளாறு என்று ஓடினேன். எல்லாம் பார்த்துவிட்டு, நெஞ்சு நன்றாக இருக்கிறது என்றார்கள். மனநலப் பிரிவுக்கு ஒரு கடிதம் கொடுத்தார்கள். அந்தக் கடிதம் ஏழு மாதம் என் கைப்பையில் கிடந்து கசங்கியது. முதல் தடவை கார் நிறுத்துமிடம் வரை போய்விட்டுத் திரும்பினேன். இரண்டாம் தடவை நம்பர் எடுத்துவிட்டு டாய்லெட்டில் ஒளிந்துகொண்டேன். பெயரைக் கூப்பிட்டார்கள், போகவில்லை. மூன்றாம் தடவை உள்ளே நுழைந்தபோது கடைசி வரிசையில் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது எங்கள் அத்தை.

இரண்டு பேரும் திருடிகள்போல விழித்தோம். பிறகு அத்தைதான் பக்கத்து நாற்காலியிலிருந்த பையை எடுத்து மடியில் வைத்து எனக்கு இடம் கொடுத்தார்.

கிளினிக்கில் இனிப்புநீர் வியாதிக்கு ரத்தம் பார்க்கப் போனபோது, தூக்கம் எப்படி என்று டாக்டர் கேட்டாராம். அத்தை அங்கேயே உடைந்து அழுதுவிட்டாராம். இங்கே அனுப்பியிருக்கிறார்கள். மூன்று மாதமாகத் தனியாக பஸ் ஏறி வந்துகொண்டிருக்கிறார். மனநலப் பிரிவின் அட்டையைச் சுகர் புத்தகத்துக்குள் சொருகி வைத்திருந்தார். எங்கள் ஆட்கள் பலரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். இனிப்புநீர் என்றால் ஊரறியச் சொல்லலாம், நாலு பேர் வைத்தியம் சொல்வார்கள். இது அப்படி இல்லை.

அந்த அட்டையால்தான் வந்தது வினை. ஒருநாள் அத்தைக்குக் கடுமையான காய்ச்சல். அட்டையில் அன்றைய தேதி, பெரிய ஆஸ்பத்திரியின் பெயர்; மற்றதை மாமா படிக்கவில்லை. ஊருக்கெல்லாம் ஓடுகிற மனுஷன் மனைவிக்கு ஓடமாட்டாரா? சுகர் அப்பாயின்மென்டை மாற்றி வருகிறேன் என்று புத்தகத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். பெரிய ஆஸ்பத்திரியில் கவுன்டர் கவுன்டராகக் காட்டியிருக்கிறார். கடைசியில் ஒருவர் கூட்டிக்கொண்டுபோய் மனநலப் பிரிவுப் பலகைக்கு முன்னால் நிறுத்தினார். அங்கே எங்கள் தமான் ஆள் ஒருவன் மருந்து வாங்க வந்திருந்தான். அவன் வேறு, "என்னாண்ணே, யாருக்கு?" என்று கேட்டுத் தொலைத்திருக்கிறான்.

நேராக என் வீட்டுக்கு வந்தார். "நீதான அவள அங்க கூட்டிட்டுப் போன?"

"இல்ல மாமா. அத்த தானா போனாங்க. நான் என் சீக்குக்குப் போனேன்."

"ஒனக்கென்னா சீக்கு? கல்லு மாதிரி நின்ன பொண்ணுலா நீ."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "அதுதான் மாமா சீக்கு! எங்கம்மா செத்தன்னிக்கு என்னை அழவுட்டீங்களா? கடைசியா மொகத்தக்கூட பாக்க வுடலியே! இருபது வருசமா நெஞ்ச அடைக்குது. அதேதான் அத்தைக்கும் செஞ்சீங்க."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். நான் சொன்னது காதில் விழுந்ததா என்றே தெரியவில்லை. பிறகு, சத்தியமாகச் சொல்கிறேன், மிகுந்த அன்போடு சொன்னார். "இருநூறு பேருக்கு ஒத்த ஆளா கோப்பி கலக்குன. வேற யாரால முடியும்?"

இவரிடம் என்ன பேசுவது? கதவைச் சாத்திவிட்டேன்.

அடுத்த வாரம் அத்தை துணிப்பையோடு சிரம்பானில் இருந்த தன் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். போகும்போது மாமாவின் முகத்துக்கு நேராகச் சொன்னதை நானும் கேட்டேன். இத்தனை வருஷத்தில் அத்தை அவ்வளவு நீளமாகப் பேசியதே இல்லை. "நான் போன எடத்துக்கு நீங்களும் போங்க. புள்ளையப் பத்தி ஒரு தடவ வாயத் தொறந்து பேசுங்க. பேசிட்டு எனக்குப் போன் பண்ணுங்க. அப்புறம்தான் நான் வர்றதா வேணாமான்னு பாக்கணும்."

"எனக்கு ஒன்னும் இல்ல. நான் எதுக்கு?" என்றார் மாமா. ஒன்றரை வருஷம் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். தனியாகச் சமைத்துச் சாப்பிட்டார். சட்டை மட்டும் வெள்ளையாகவே இருந்தது. சாவு வீடுகளுக்கு முன்பைவிட வேகமாக ஓடினார்.

அப்படி ஓடிய ஒரு வீட்டில்தான் வாங்கிக் கட்டிக்கொண்டார். அங்கே இறந்ததும் சின்னப் பையன்தான், காய்ச்சலில் போய்விட்டான். தாய் தரையில் விழுந்து புரண்டுகொண்டிருந்தாள். மாமா வழக்கம்போலக் குனிந்து காதில் ஏதோ சொன்னார். அவள் எழுந்து உட்கார்ந்தாள். "ஒன் மவன் செத்தப்ப நீ அழுவல. அதுக்காக நானும் அழக்கூடாதா? நீயெல்லாம் தகப்பனாய்யா?" வீடே கேட்டது. யாரும் அவளை அடக்கவில்லை. மாமா நிமிர்ந்தார். உள்ளங்கையைப் பார்த்தார். பட்டியலில் பாதி அப்படியே இருந்தது. மோட்டாரைக்கூட எடுக்காமல் வெயிலில் நடந்தே வீட்டுக்குப் போய்விட்டார்.

மூன்றாம் நாள் என் வாசலில் நின்றார். "அங்க என்னா கேப்பாங்க?" என்றார், வேறு எதுவும் சொல்லாமல்.

கூட்டிக்கொண்டு போனேன். அவர் செய்த கூத்தைக் கேளுங்கள். என் காரை ஆஸ்பத்திரிக்குள் விடக்கூடாது என்று சொல்லி வெளியே ஒரு கடை வரிசையில் நிறுத்த வைத்தார். தனக்கு முன்னால் இருபதடி தள்ளி என்னை நடக்கச் சொன்னார். பழைய நெஞ்சு எக்ஸ்ரேயைப் பெரிய கவரில் போட்டுக் கொண்டுவந்திருந்தார், யாராவது கேட்டால் காட்டுவதற்கு. ஆலோசகர் தமிழராக இருக்கவே கூடாது என்றார். "நம்ம ஆளுன்னா வெளிய போயிரும்." இளம் மலாய்ப் பெண் ஒருத்தி கிடைத்தாள்; பாச்சிக், அதாவது மாமா, என்று கூப்பிட்டு அழைத்துப்போனாள். உள்ளே போய் ஒரு மணி நேரம் கழித்து வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"என்னா மாமா கேட்டாங்க?"

"ஒங்க மவன் எப்படிப்பட்ட பையன்னு கேட்டுச்சு." நடந்துகொண்டே சொன்னார், இந்தமுறை என் பக்கத்திலேயே. "சொன்னேன். மூணு கெமா, முந்நூறு நாக்காலி, பெட்டி எங்க வாங்குனேன், வேன் எத்தன மணிக்கு வந்துச்சு, எல்லாம் சொன்னேன். அது கேட்டுகிட்டே இருந்துட்டு, சாவப் பத்தி இல்ல பாச்சிக், மவனப் பத்திச் சொல்லுங்கன்னுச்சு." நின்றுவிட்டார். "எனக்கு ஒன்னும் வரலம்மா. அவன் மொகம்கூட வரல. சாமான்தான் வருது."

அன்றைக்கு எனக்கு அவர்மேல் இருந்த கோபம் போய்விட்டது என்று சொன்னால் அழகாக இருக்கும். போகவில்லை. ஆனால் பயம் வந்தது. தன் பிள்ளையின் முகம் மறந்துபோகும் அளவுக்கு ஒரு மனுஷன் தன்னை அடக்கிவைக்க முடியுமா?

இனி வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். வந்தார். அத்தை வர வேண்டும் என்ற ஒரே காரணத்துக்காக இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வந்தார். ஒவ்வொரு முறையும் வெளியே வந்ததும், "இன்னும் எத்தன தடவடி?" என்று கேட்பார். ஏதோ ஊசி போட்டுக்கொள்ள வருகிற மாதிரி.

ஐந்தாவது முறை வெளியே வந்தபோது சட்டையின் கழுத்துப் பகுதி நனைந்திருந்தது. என்னைத் தாண்டி நேராகக் கேன்டீனுக்குப் போய் உட்கார்ந்தார். நான் இரண்டு கப் தேநீர் வாங்கிக்கொண்டு போனேன், எங்களுக்கு அது தே. அவர் அதற்குள் அத்தைக்குப் போன் போட்டுவிட்டார். காது மந்தம், அதனால் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார்.

"போயிட்டு வந்தேன் புள்ள. பேசிட்டேன்."

"ம்."

"அழுதுட்டேன். நெசமா. கதவத் தொறந்து ஒருத்தவங்க எட்டிப் பாத்தாங்க, அப்படி அழுதுட்டேன்." வாயைத் துடைத்துக்கொண்டார். "ஆறு வயசுல லாரி சீட்டுக்குப் பின்னால ஒளிஞ்சிகிட்டு என்கூட மூவார் வரைக்கும் வந்துட்டானே, ஞாபகம் இருக்கா? காலுல செருப்பு இல்ல. அங்க ஒரு கடையில வாங்கிக் குடுத்தேன். ஒரு வாரம் அந்தச் செருப்பப் போட்டுகிட்டேதான் தூங்குனான். நீ ராத்திரில கழட்டுனா முழிச்சிக்குவான்."

போன் கட்டாகிவிட்டதோ என்று நான் எட்டிப் பார்த்தேன்.

"இருக்கு," என்றார் அத்தை. "அன்னிக்கு அவன் மொகத்தத் தடவி அதத்தான் சொல்லி அழுதேன். செருப்புக் கதையத்தான் சொன்னேன். வாய மூடுன்னீங்க."

மாமா போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"அப்ப நீங்களும் எங்கூட ஒக்காந்து அழுதிருந்தா நான் பொழைச்சிருப்பேன். நாலு வருசம் தனியா அழுது முடிச்சிட்டேன். மறுபடி ஒங்ககூட மொதல்லேர்ந்து அழ என்னால ஆவாது." அத்தையின் குரலில் கோபமே இல்லை, அதுதான் கேட்கச் சகிக்கவில்லை. "நீங்க அங்க போறத வுட்டுடாதீங்க. நல்லதுதான். நான் வரல." போனை வைத்துவிட்டார்.

"வரலயாம்," என்றார் மாமா என்னிடம், எனக்குக் கேட்கவில்லை என்பதுபோல.

பிறகு மேசையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு அழுதார். சத்தமாக, மூக்கு ஒழுக, தோள் குலுங்க. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அதில் எங்கள் பக்கத்து ஆள் ஒருவரும் இருந்தார், மாமா அவரைப் பார்த்தும் முகத்தை மூடவில்லை. "அழுவாதீங்க மாமா" என்று என் வாய்வரை வந்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன்.

தே கலக்கும் மலாய்க்கார அம்மா பதறிக்கொண்டு வந்தாள். யார் தவறிவிட்டார்கள் என்று என்னிடம் தணிந்த குரலில் கேட்டாள்.

"இவரு மகன்."

"எப்போ?"

"இன்னிக்கு," என்றேன்.

அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். இரண்டு தேக்கும் காசு வாங்கவே இல்லை.